தம்பி பட்டறைக்கு ஒரு இணைப்பு

அம்மா போன பிறகு அண்ணன் என்னைக் கடைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கடை முழுக்கச் சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், மடக்கி நிறுத்திய ஆஸ்பத்திரிக் கட்டில்கள். உட்கார வேறு இடமில்லாமல் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். அண்ணன் கடையின் இணையதளம், தம்பியின் ரிப்பேர் பட்டறைக்கான இணையதளம், இரண்டையும் பார்த்துக்கொள்வது நான்தான். ஊரில் இருக்கிற கம்பெனிகளுக்கெல்லாம் தேடுபொறியில் முன்னுக்கு வர வழி சொல்லிப் பிழைக்கிறவள் வீட்டுக்கு மட்டும் செய்யாமல் இருக்க முடியுமா? ஓசி வேலைக்குத்தான் திட்டும் அதிகம் விழும் என்று சொல்லிச் சிரிப்பேன். இப்போதும் சிரிக்கிறேன். முகம் அந்த வேலையைத் தானாகச் செய்துவிடுகிறது.

"நம்ம சைட்ல தம்பி பட்டறைக்கு ஒரு லிங்க் இருக்கில்ல?" என்றான் அண்ணன். என்னைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கல்லாவிலிருந்து அண்ணி குறுக்கே வந்தாள். "எடுத்துகிடுத்து வச்சிடாதீங்க. நாளைக்கே சொந்தக்காரங்க என்ன ஏதுன்னு குடைவாங்க. என்னால பதில் சொல்லி மாளாது."

"எடுக்கச் சொல்லலை. மெத்தைக்காரன் விளம்பரத்துக்கு நீ என்னவோ பண்ணியேம்மா, அதையே இதுக்கும் பண்ணிடு."

அந்த 'என்னவோ'வின் பெயர் நோஃபாலோ. ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு இணைப்பு கொடுத்தால் தேடுபொறி அதைச் சிபாரிசாக எடுத்துக்கொள்ளும். இணைப்புக்குள் இந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டால் இணைப்பு அப்படியே இருக்கும், பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, சிபாரிசு மட்டும் போய்ச் சேராது. விளம்பரங்களுக்குப் போடுவோம். முன்பின் தெரியாதவர்கள் வந்து எழுதிவிட்டுப் போகும் கருத்துகளுக்குப் போடுவோம். கூடப் பிறந்தவனுக்குப் போடலாமா என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை.

"அவன் தளம் முன்னால நிக்கறதே நம்ம லிங்க்காலதான்ணா. அதுவும் போச்சுன்னா வேலை படுத்துடும். இப்பவே வெளிய தலைகாட்ட மாட்டேங்கறான். யாராவது போன் பண்ணி ரிப்பேருக்குக் கூப்பிட்டாத்தான் எழுந்தே வரான்."

"வேலை சுத்தமா இருந்தா தானா வருவாங்க." துணியை உதறி மடித்தான். "அன்னிக்கு எங்கெல்லாம் அதைப் போடணும்னு சொன்ன?"

"நாம பொறுப்பு ஏத்துக்க முடியாத இடத்துக்கு."

"அதான்" என்றான்.

அம்மாவுக்கு வீட்டில் போட்ட கட்டில் இந்தக் கடையிலிருந்துதான் போனது. பக்கக் கம்பியின் கொண்டி லொடலொடவென்று ஆடுகிறதே என்று தம்பி வந்து சரிசெய்தான். சில நாள் கழித்து ஒரு காலையில் கம்பி இறங்கியிருந்தது, அம்மா தரையில் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவள் பிறகு எழவே இல்லை. கொண்டி விட்டுவிட்டதா, எங்களில் யாராவது கம்பியை இறக்கிவிட்டு ஏற்ற மறந்தோமா, யாருக்கும் தெரியாது. தம்பியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் தேவலை.

அண்ணி டீ கொண்டுவந்து வைத்தாள். நான் பக்கத்தைத் திறந்து, அந்த வரியைத் தேடிப் பிடித்து, அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சேமித்தேன். சண்டை போட்டிருக்கலாம். போடுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. வலிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. ஊசி போட்டு மரத்துப்போன ஈறு மாதிரி, தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

தம்பியின் பட்டறை இரண்டு தெரு தள்ளி. அவன் தளத்தில் போன் நம்பரை மாற்ற வேண்டுமென்று அன்று சாயங்காலம் வரச் சொல்லியிருந்தான். நான் போனபோது யாரோ பழுதுக்கு விட்டுப்போன கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றி, கொண்டியை மாட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தான். கம்பி அசையவில்லை. இறங்கி, கொண்டியைக் கழற்றி, மறுபடி மாட்டித் தொங்கினான். எனக்கு வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் போல் இருந்தது.

"வாக்கா. ஏன் அங்கயே நிக்கற?" ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். தாடி வளர்ந்திருந்தது. "சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ம்." பொய். சிறு வயதிலிருந்தே பொய் சொன்னால் காது சிவக்கும் ஆசாமி.

போன் நம்பரை மாற்றிக் கொடுத்தேன். கிளம்பும்போது, "அக்கா, ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது" என்று போனை எடுத்தான். "அண்ணன் என்கிட்ட பேசறதில்லை. போனைக்கூட அண்ணிதான் எடுக்கறாங்க. நான் தப்பா எடுத்துக்கலை. அவர் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் இருப்பேன். ஆனா இதைப் பாரேன்."

அண்ணன் கடையின் பக்கம் திறந்திருந்தது. அடியில் நீல எழுத்தில் அந்த வரி: பழுதுபார்க்க, என் தம்பியின் பட்டறை.

"அவரே எழுதிக் குடுத்தது. தினம் காலைல எழுந்ததும் போய்ப் பாக்கறேன்க்கா, எடுத்துட்டாரான்னு. எடுக்கலை. என் மேல நம்பிக்கை இல்லேன்னா முதல்ல இதைத்தானே எடுத்திருப்பாரு?"

அவன் அந்த வரியை அழுத்தினான். திரை ஒரு கணம் வெளுத்து, அவன் பட்டறை வந்தது. இதே வாசலில் தாடியில்லாமல் நின்று அவனே சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா, நேரா இங்க வருது."

"ஆமாடா" என்றேன். "வருது."

திரும்ப அண்ணன் கடையின் பக்கத்துக்கு வந்தான். கட்டைவிரல் கிரீஸ் அந்த நீல எழுத்துகளின்மேல் அப்பியிருந்தது. சட்டை நுனியால் திரையைத் துடைத்துவிட்டு, நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, போனை என் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்து, மறுபடியும் அழுத்தினான்.