முடியாது என்று சொல்லும் பயிற்சி

லாரிசாவுக்கு வழிகாட்டிகள் மட்டும் ஐந்து பேர். நுரையீரல் ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்களை வளர்த்துவிடும் திட்டத்தில் அவள் சேர்ந்ததும், பல்கலைக்கழகம் தாராளமாக ஒதுக்கிக் கொடுத்தது. அவளுடைய ஆராய்ச்சி நேரத்தை யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. அதைப் பற்றிப் பேச வாரம் தவறாமல் கூட்டம் போட்டார்கள். மிச்சம் மீதி நேரத்தில் அவள் ஆராய்ச்சி செய்துகொள்ளலாம்.

அன்று சாஸ்கடூன் நகரம் முழுக்கக் காட்டுத்தீப் புகை. வடக்கே தீயணைக்கப் போயிருந்த நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்காரர்கள் திரும்பிவந்து, ஊருக்குப் போக விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காட்டுக்குப் போகும் முன்பே கருவியில் ஊதச் சொல்லி மூச்சின் பலத்தை அளந்துவைத்திருந்தாள் லாரிசா. புகையைக் குடித்துவிட்டு வந்த சூட்டோடு இன்னொரு முறை ஊதினால்தான் அந்த அளவுகளுக்கு அர்த்தம் உண்டு. விமானம் ஏறிவிட்டால் ஓராண்டு உழைப்பு பாழ்.

அன்றைக்கென்று பார்த்து வழிகாட்டிகள் நடத்தும் ஒரு பயிலரங்கம். ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொடுப்பார்கள். வராமல் இருக்க முடியாது.

லாரிசா கருவிப் பெட்டியும் கையுமாகப் போய் நின்றாள்.

"சாரி டாக்டர், இன்னிக்கு என்னால உட்கார முடியாது. ஏர்போர்ட்ல ஆளுங்க காத்திருக்காங்க. நான் கிளம்பறேன்."

தலைமை வழிகாட்டி ஸ்ட்ராண்ட் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

"பாத்தீங்களா, நாம சொல்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டா. கையில பெட்டி வேற. நல்ல யோசனைம்மா."

"இல்ல டாக்டர், நெஜமாத்தான் சொல்றேன்."

"நெஜமாத்தான் இருக்கு, அதான் அழகு," என்றார் இன்னொரு வழிகாட்டியான ஃபேர்பேர்ன் அம்மையார். "ஆனா காரணம் சொல்லாத. காரணம் சொன்னா பேரம் பேச ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் அந்த சாரி எதுக்கு?"

"சாரி."

"பாத்தியா, மறுபடியும்."

தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஊர் அது. கதவு திறந்துதான் இருந்தது. யாரும் அவள் கையைப் பிடித்து வைக்கவில்லை. ஆனாலும் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது முதுகைக் காட்ட அவளுக்கு வரவில்லை. கண்ணைப் பார்த்துச் சொல் என்றார்கள், சொன்னாள். முகத்தைக் கொஞ்சம் மலர்ச்சியாக வைத்துக்கொண்டு சொல் என்றார்கள், அப்படியும் சொன்னாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், திரும்பவும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் கைதட்டல்.

அப்போது கைபேசி அடித்தது. தீயணைப்புக் குழுத் தலைவன் டுவெய்ன்.

"டாக்டரம்மா, பிளைட்டுக்குக் கூப்ட்டுட்டாங்க. பசங்க டீ குடிக்கக்கூட எந்திரிக்காம உங்களுக்காக உட்கார்ந்திருந்தானுங்க. ரெண்டு பேருக்கு இருமல் நிக்கவே இல்ல. சரி, விடுங்க. அடுத்த வருஷமும் காடு எரியும்."

லாரிசா பெட்டியைக் கீழே வைத்தாள். வழிகாட்டிகள்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

ஸ்ட்ராண்ட் அவள் தோளைத் தட்டினார். "பிரமாதம். அடுத்த வாரம் புதுசா வர்ற பசங்களுக்கு இத நீயே சொல்லிக்குடு. சரியா?"

"மாட்டேன்."

சாரி சொல்லவில்லை. காரணமும் சொல்லவில்லை.

ஸ்ட்ராண்டுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இதுக்குத்தான் இவ்ளோ பாடுபட்டோம்," என்று ஃபேர்பேர்ன் அம்மையாரிடம் சொல்லிவிட்டு, அடுத்த வாரத்து முதல் பேச்சாளராக அவள் பெயரைப் போட்டுக்கொண்டார்.