காய்ச்சல் என்று எழுதிய விண்ணப்பம்

மதுரைப் பக்கம் தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர்களுக்கு நோய் வராது. வந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் வந்து, திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குள் போய்விட வேண்டும். திருப்பரங்குன்றத்துப் பள்ளி ஒன்றில் ஆறு வருடம் ஆங்கிலம் நடத்திய ரோகிணிக்கு இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியிருந்தது. அந்த ஆறு வருடத்தில் அவள் நோய் விடுப்பு கேட்டது ஒரே ஒரு தடவை, டைபாய்டு வந்தபோது. “எல்லாருக்குந்தான் காய்ச்சல் வருது டீச்சர், எல்லாருமா வீட்டுல போயிப் படுத்துக்கிறாங்க?” என்று கேட்டார் தாளாளர். படுத்துக்கொள்ளவில்லை. நான்காம் வகுப்புச் சுவரில் சாய்ந்துகொண்டே பாடம் நடத்தினாள்.

அப்படிப்பட்டவளுக்கு மாலத்தீவில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சர் வேலை கிடைத்தது. ஒப்பந்தத்தில் ‘நோய் விடுப்பு, முழுச் சம்பளத்துடன்’ என்று ஒரு வரி இருந்தது. தப்பாகப் படித்துவிட்டோமோ என்று அதை இரண்டு தடவை படித்தாள். அங்கே போனால் பிரின்சிபாலே எழுந்து நின்று, “வாங்க மிஸ் ரோகிணி” என்று ஆங்கிலத்தில் வரவேற்றார். அவர் பெயர் ஆமினத். கறாரான பெண்மணி, ஆனால் டீச்சரை டீச்சராக நடத்தத் தெரிந்தவர். ரோகிணிக்கு அந்த வேலை பிடித்துப்போக அதுவே போதுமாக இருந்தது.

அறைத்தோழியும் நல்லவளாக அமைந்தாள். மதுரை நெல்பேட்டைக்காரி சாதிகா, அதே பள்ளியில் கணக்கு டீச்சர். மதுரையில் இருந்தவரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கடல் தாண்டிப் போய்த்தான் ஊர்க்காரிகள் ஆனார்கள்.

பருவத் தேர்வு முடிந்து பத்து நாள் விடுமுறை விட்டார்கள். சாதிகா தீவிலேயே இருந்துவிட, ரோகிணி மட்டும் சொந்த ஊரான எழுமலைக்கு வந்தாள். அம்மா சோலையம்மாள் பத்து நாளும் கோழி அடித்தும் குழம்பு வைத்தும் மகளைத் திணறடித்தாள். தீவுக்குத் திரும்ப ஒரு நாள் இருக்கும்போது மேல் கொதித்தது. மத்தியானம் கழுத்தில் ஒரு கொப்புளம், சாயங்காலத்துக்குள் வயிற்றில் ஐந்தாறு.

சோலையம்மாள் சட்டையை விலக்கிப் பார்த்தாள். வெளியே போய் இரண்டு கொத்து வேப்பிலை ஒடித்துவந்து நிலைப்படியில் செருகினாள். அடுப்பில் தாளிப்பதற்குக் காய்ந்துகொண்டிருந்த எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். புருஷன் பேயாண்டியைத் தோட்டத்து மோட்டார் ரூமில் படுத்துக்கொள்ளச் சொன்னாள். அப்புறம் மகளுக்கு எதிரே நின்று கும்பிட்டாள்.

“ஆத்தா வந்துருக்கா.”

“அம்மா, நாளைக்கு எனக்கு பிளைட்டும்மா.”

“பிளைட்டா? அவ ஒம்மேல வந்து உக்காந்துருக்கா, நீ எங்கிட்டுப் போவ? விருந்தாளியா வந்தவ, இருக்குற வரைக்கும் இருந்துட்டு, மனசு குளுந்து போவா. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாது.”

“பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதணுமே. என்னன்னு எழுத?”

“என்னத்தயாச்சும் எழுது. அவ பேர மட்டும் நோயின்னு எழுதிப்புடாத. கோவக்காரி.”

ரோகிணி எம்.ஏ., பி.எட். படித்தவள்தான். இது ஆத்தாளா வைரஸா என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பெற்ற தாய் எதிரே நின்று கும்பிடும்போது வைரஸைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்? இன்னொன்றும் இருந்தது; அதையும் சொல்லிவிட வேண்டும். தொற்றுநோய் என்று எழுதினால், ‘நீ வரவே வேண்டாம் தாயே’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். பழைய பள்ளியின் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகுமா? போனை எடுத்து, விடுப்பு விண்ணப்பத்தில் ‘காய்ச்சல், மூன்று நாள்’ என்று தட்டி அனுப்பினாள். மூன்று நாளில் அம்மை இறங்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயந்தவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் முகம் முழுக்க முத்து. கண்ணாடியைச் சோலையம்மாள் ஏற்கெனவே திருப்பி வைத்திருந்தாள். வெள்ளை வேட்டி விரித்து, வேப்பிலையைப் பரப்பி, கேப்பைக் கூழும் இளநீருமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலை இன்னும் நான்கு நாள் நீட்டி எழுதலாமா என்று ரோகிணி யோசித்துக்கொண்டு கிடக்கும்போது சாதிகாவிடமிருந்து போன் வந்தது.

“ரோகிணி, உண்மையச் சொல்லு. ஒனக்கு என்ன பண்ணுது?”

“காய்ச்சல்டி.”

“மேடம் எங்கிட்டக் கேட்டாங்க, அவ வீட்டுல கல்யாணம் காச்சி ஏதும் இருக்கான்னு. போன வருசம் ரெண்டு டீச்சர் காய்ச்சல்னு எழுதிட்டு, கல்யாண போட்டோவ ஸ்டேட்டஸ்ல போட்டாளுகளாம். லீவு முடியுற அன்னைக்குத்தான் ஊர்ல காய்ச்சல் வருமான்னு கேக்குறாங்க. அது கெடக்கட்டும். உன் கிளாஸ்ல ரெண்டு புள்ளைகளுக்கு மேலெல்லாம் கொப்புளம். அம்மையா அலர்ஜியான்னு இன்னும் யாருக்கும் தெரியல. பெத்தவங்க வந்து சத்தம் போடுறாங்க, எங்கேருந்து வந்துச்சுன்னு.”

விடுமுறைக்கு முந்தின வாரம் ஒரு குழந்தை உடம்பு சுடுகிறது என்று தன் மடியில் சாய்ந்து அரைமணி நேரம் அழுதது ரோகிணிக்கு நினைவுக்கு வந்தது.

“சாதிகா, எனக்கும் அதுதான்.”

“அம்மையா?”

“ம்.”



“ஏன்டி, முதல் நாளே சொல்லக்கூடாதா? எங்க வீட்டுல அம்மை போட்டாலும் எங்கம்மா வேப்பிலையத்தான் தேடுவாங்க. உங்கம்மாவ நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஷைமா மாசமா இருக்கால்ல? அடுத்த கிளாஸ்ல. உன்கூடவும் என்கூடவும் ஒரே டப்பாவுல சாப்பிட்டவ. அவளுக்கு இது ஆகாதுடி. புள்ளைக்கு ஆகாது.”

பக்கத்து வகுப்பு டீச்சர் ஷைமாவுக்கு இது ஆறாம் மாதம். புளிப்பு மாங்காய் கொண்டுவா என்று ரோகிணியிடம் சொல்லி அனுப்பியிருந்தவள்.

“மேடம் திருப்பிக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்” என்றாள் சாதிகா. “ஆனா நான் சொல்றதவிட நீயே எழுதுனா நல்லது. இப்பவே எழுது.”

போனை வைத்ததும் ரோகிணி ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தாள். நோய் விடுப்பு பற்றிய அந்த அழகான வரிக்குக் கீழேயே இன்னொரு வரி இருந்தது: பொய்க் காரணம் காட்டி விடுப்பு எடுப்பவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார். அதை அவள் ஒரு தடவைதான் படித்திருந்தாள்.

எழுதினால் வேலை போகலாம். எழுதாவிட்டால் ஷைமாவுக்கு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அவள் ரொம்ப யோசிக்கவில்லை. யோசித்தால் பயம் ஜெயித்துவிடும் என்று தெரிந்திருந்தது. ‘எனக்கு வந்திருப்பது அம்மை. காய்ச்சல் என்று எழுதியது பொய். எங்கள் வீட்டில் இதை நோய் என்று சொல்லும் வழக்கமில்லை, ஆனாலும் அது நான் செய்ததற்குச் சாக்கு ஆகாது. முதலில் ஷைமாவை டாக்டரிடம் அனுப்புங்கள்’ என்று ஆமினத் மேடத்துக்கு நேராக எழுதி அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் இரண்டே வரியில் பதில் வந்தது. ‘ஷைமாவை அனுப்பிவிட்டேன். டாக்டர் சான்றிதழ் இன்றைக்குள் அனுப்பவும். பிறகு முடிவு செய்கிறேன்.’

டாக்டர் சான்றிதழுக்கு எங்கே போவது? இந்த வீட்டில் அம்மை கண்டவரை டாக்டர் தொட்டதாகச் சரித்திரமே கிடையாது. ரோகிணி அம்மாவைக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“ஆத்தா பேர எழுதிட்டியா?”

“எழுதிட்டேம்மா.”

சோலையம்மாள் வேப்பிலையால் விசிறுவதை நிறுத்தினாள். “அந்த மாசமா இருக்குற புள்ள ஒங்கூடத்தான் சாப்பிடுமா?”

“ஆமாம்மா.”

“காயிதம் இல்லைன்னா வேலை போயிருமா?”

“இருந்தாலும் போகலாம். இல்லைன்னா கண்டிப்பாப் போயிரும்.”

சோலையம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள். முத்துப் போட்ட வீட்டிலிருந்து இப்படி வெளியே போகக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவளே அவள்தான். சாமியிடம் மன்னிப்புக் கேட்கக் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று ரோகிணி நினைத்தாள். தெய்வத்தையும் பகைத்தாயிற்று, வேலையும் போகப்போகிறது, பெற்றவளும் பேசவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஒருமணி நேரம் கழித்து வாசலில் பேச்சுக்குரல் கேட்டது.

“செருப்ப அங்கிட்டு விட்ருங்க. இந்த மஞ்சத் தண்ணியில கால நனைச்சுட்டு வாங்க.”

“சரிம்மா.”

உள்ளே வந்தது ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் முபீனா. மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பெண். சேலை நுனி ஈரமாக, வெறுங்காலோடு நின்றாள். பின்னால் வந்த சோலையம்மாள் மகளைப் பார்த்துக் கைகூப்பினாள். பேசியது மகளிடம் இல்லை.

“ஆத்தா, கோவிச்சுக்காத. இந்தப் புள்ள ஊசி கொண்டாரல. நீ வந்துருக்கன்னு ஒரு சாட்சி சொல்லத்தான் வந்துருக்கு. எம்மக ஒன்னய மறைச்சுட்டா, அது எந் தப்பு. நாந்தான் மறைக்கச் சொன்னேன்.”

ரோகிணிக்கு அழுகை முட்டியது. இருபத்தொன்பது வயதுவரை அம்மா தன் தப்பு என்று எதையும் ஒத்துக்கொண்டு அவள் கேட்டதில்லை.

முபீனா சிரிக்கவில்லை, பாடம் நடத்தவும் இல்லை. “மூச்ச மட்டும் கேட்டுக்கிறேம்மா” என்று அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தாள். நெஞ்சில் சளி இல்லை என்றாள். பெரியவர்களுக்கு வந்தால் சில சமயம் நெஞ்சுக்கு இறங்கும், மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாமல் அடித்தாலோ ஒரு நிமிடம் தாமதிக்கக்கூடாது என்று சோலையம்மாளிடம் அழுத்திச் சொன்னாள்.

“மூச்சு வாங்குனா நானே தோள்ல தூக்கிட்டு வாரேன் தாயி. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா.”

மாத்திரையும் எழுதட்டுமா என்று முபீனா கேட்டபோது சோலையம்மாள் மகளைப் பார்த்து இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டு, “அதையும் எழுதுங்க. வேப்பிலை மேல வச்சுக் குடுத்துக்கிறேன்” என்றாள். சான்றிதழில் நோயின் பெயர் முழுசாக, தெளிவான எழுத்தில் இருந்தது. ரோகிணி படம் எடுத்து அனுப்பிவிட்டாள்.

அன்று வியாழக்கிழமை. அங்கே வெள்ளியும் சனியும் பள்ளி கிடையாது. பதில் வரவில்லை. அந்த இரண்டு நாளும் உடம்பு அரித்ததைவிட மனசு அரித்ததுதான் அதிகம். சாதிகா மட்டும் வேளாவேளைக்குப் போன் செய்து, “சொறியாத, முகத்துல தழும்பு விழும், அப்புறம் ஒன்னய நான் ரூம்ல சேக்க மாட்டேன்” என்று மிரட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆமினத் மேடத்தின் கடிதம் வந்தது. ரோகிணி எழுந்து உட்கார்ந்து படித்தாள். முதல் பாதி திட்டு. முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு நாள் முன்னால் ஷைமாவைப் பாதுகாத்திருக்கலாம். இது சின்னத் தப்பில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று உங்கள் கோப்பில் இருக்கும். ஷைமாவுக்குச் சோதனை செய்ததில், சிறு வயதிலேயே அவளுக்கு அம்மை வந்துபோயிருப்பது தெரிந்தது, பயமில்லை. அதற்குப் பிறகுதான் மறுபாதி. உண்மையைச் சொல்ல உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நீங்களே சொன்னீர்கள். காய்ச்சல் விண்ணப்பத்தை நீக்கிவிட்டு, முதல் நாளிலிருந்தே சரியான பெயரில் நோய் விடுப்பு அனுமதித்திருக்கிறேன். உங்கள் வகுப்பைச் சாதிகா பார்த்துக்கொள்கிறார். குழந்தைகளிடமிருந்து உங்களுக்கு வந்தது, அதற்கு நாங்கள்தான் வருத்தப்பட வேண்டும். கடைசிப் பொருக்கு உதிரும்வரை வராதீர்கள். நன்றாக ஓய்வெடுங்கள்.

ஓய்வெடுங்கள். ஏழு வருட வேலையில் எந்தப் பள்ளியும் அவளைப் பார்த்துச் சொல்லாத சொல். ரோகிணி குலுங்கிக் குலுங்கி அழுதாள். நன்றி என்றால் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆமினத் மேடத்துக்கு, தனக்காக இரண்டு வகுப்பை இழுத்துக்கொண்டிருக்கும் சாதிகாவுக்கு, வெறுங்காலோடு உள்ளே வந்த டாக்டருக்கு, சாமியிடம் தன் தப்பென்று சொன்ன அம்மாவுக்கு, எல்லாருக்குமாகச் சேர்த்து அழுதாள்.

சோலையம்மாள் கூழ்க் கரண்டியோடு ஓடிவந்தாள். “என்னடி, வேலை போச்சா?”

“இல்லம்மா. வராதேங்கிறாங்க.”

“அதத்தானடி நானும் கேட்டேன்!”

“மேலுக்குச் சரியாகுற வரைக்கும் வராதே, நல்லாப் படுத்துக்கங்கிறாங்க. சம்பளத்தோட. இது அங்க உள்ள புள்ளைககிட்டருந்துதான் வந்துச்சாம், அதுக்கு அவங்க வருத்தப்படுறாங்களாம்.”

சோலையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கேள்வி வேறு மாதிரி வந்தது. “அங்கேருந்தா வந்தா? கடல் தாண்டியும் போயிருக்கா பாரு, மகராசி!”

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, பொருக்கெல்லாம் உதிர்ந்து, முபீனா போகலாம் என்று எழுதிக்கொடுத்த பிறகு, தீவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் தாயும் மகளும் கூழ்ப்பானையோடு அம்மன் கோயிலுக்குப் போனார்கள். பூசாரி முத்திருளன் தட்டை வாங்கிக்கொண்டு, அர்ச்சனை யார் பேருக்கு என்று கேட்டார்.

“எம்மக ரோகிணி. அடுத்து சாதிகா. அடுத்து டாக்டரம்மா முபீனா. ஷைமா, அது மாசமா இருக்குற புள்ள. கடைசியா ஆமினத்து.”

முத்திருளன் தலையைச் சொறிந்தார். “ராசி, நட்சத்திரம்?”

“அதெல்லாம் யாருக்குத் தெரியும்? மத்தவுகளுக்கு சாமி பேரச் சொல்லிப் பண்ணுங்க. ஆமினத்துக்கு மட்டும் அடையாளம் சொல்லிருங்க.”

“என்னன்னு சொல்ல?”

“மேலுக்கு முடியாத புள்ளைய வேலைக்கு வராதன்னு சொன்ன மகராசின்னு சொல்லுங்க” என்றாள் சோலையம்மாள். “அப்படி ஒருத்திதான் இருப்பா. ஆத்தாளுக்குத் தெரியும்.”