கைவசம் இருந்த காரணம்

சுவரோரம் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளை மறைப்பதற்காக, கலியாண வீடுகளுக்கு உடுக்கும் தன் நீலச் சேலையை இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள் தனுஷா. கிளிநொச்சிப் பக்கத்து அக்கராயனில் அவர்கள் வீட்டுக்குள் இணையம் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் அந்த மூட்டைகளுக்கு முன்னால்தான். அவள் புருஷன் சிவகரன் அங்கே கதிரையைப் போட்டு, மடிக்கணினியைத் திறந்து, தன் முகத்தைத் திரையில் பார்த்தான். முப்பத்துமூன்று வயதுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே களைத்திருந்தது. படித்துக் களைத்த முகம் என்று யாராவது ஏமாந்தால் நல்லது.

தொலைக்கல்வியில் முதுமாணிப் பட்டம் படிக்க விண்ணப்பித்திருந்தான். நல்ல வகுப்பில் பட்டம் பெற்றவர்களை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பிழைத்துப் பெயிலான பாடங்களைத் திரும்ப எழுதி, வெறும் சித்தி வகுப்போடு வாசலைத் தடவித் தடவி வெளியே வந்தவர்களை நாலு கேள்வி கேட்டுத்தான் எடுப்பார்கள். சிவகரன் தடவி வந்தவன். பிரதேச செயலகத்தில் அவனோடு வேலை பார்க்கிற அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் எல்லாருமே பட்டதாரிகள். ஒரு கல்லை எறிந்தால் ஒரு பட்டதாரிமேல் பட்டுத் தெறித்து இன்னொரு பட்டதாரிமேல் விழும். அவன் முதுமாணி படிக்காததால் அங்கே யாருக்கும் குறை இல்லை. அவனுக்குத்தான் குறை. ஒரு தடவையாவது ஒழுங்காகப் படித்துப் பார்த்துவிடவேண்டும் என்ற ஆசை, வயிற்றைக் குறைக்கவேண்டும் என்ற ஆசையைப்போல, வருடாவருடம் பொங்கலோடு எழுந்து மாசிப் பனியோடு அடங்கிவிடும். இந்த முறை அடங்கவில்லை.

"ஏன் பாடங்கள் பிழைச்சது எண்டு கட்டாயம் கேப்பினம்," என்று பக்கத்து மேசை முத்துலிங்கம் அண்ணை சொல்லியிருந்தார். "முள்ளிவாய்க்காலைச் சொல்லு. கடைசிவரைக்கும் உள்ளுக்கை நிண்டனான் எண்டு சொல்லிப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இரு. அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறவாயினம்."

"அது முடிஞ்சு மூண்டு வருசத்துக்குப் பிறகுதான் அண்ணை நான் கம்பசுக்குப் போனனான்."

"அதை நீ ஏன் சொல்லுறாய்? கணக்குப் பாக்கிறதெண்டால் அவை பாக்கட்டுமன்."

தனுஷாவும் அண்ணையின் கட்சிதான். "பொய்யே? நீங்கள் அங்கை நிண்டனீங்கள்தானே."

பொய் இல்லை. அதனால் சிவகரன் கிணற்றடியில் குளிக்கும்போது ஒத்திகையும் பார்த்துவிட்டான். எந்த இடத்தில் குரல் கம்மவேண்டும், எந்த இடத்தில் தலை குனியவேண்டும், எல்லாம் தயார். அதைக் கேட்டது வாளி மட்டும்தான். வாளி உருகியதாகத் தெரியவில்லை.

திரையில் மூன்று பெட்டிகள் வந்தன. ஒன்றில் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை, ஒன்றில் தாள்களைப் புரட்டிக்கொண்டு ஒரு விரிவுரையாளர். மூன்றாவது வெறும் கறுப்பு.

"பெறுபேறு அவ்வளவு திறமாய் இல்லையே, சிவகரன்," என்றார் விரிவுரையாளர். "புள்ளிவிபரவியல் ரெண்டு தரம் பிழைச்சிருக்கு."

"ஓம் சேர்."

பேராசிரியை இடையில் வந்தார். "கிளிநொச்சி எண்டு போட்டிருக்கிறீங்கள். கடைசிச் சண்டை நேரம் உள்ளுக்கையோ நிண்டனீங்கள்?"

"ஓம் மிஸ்."

"அதாலை படிப்பு நல்லாப் பாதிச்சிருக்கும், என்ன?"

கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வா என்று ஒதுங்கி நிற்கிற குரல். இன்னொரு ஓம் போதும். குசினி வாசலில் நின்ற தனுஷா, சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று அகப்பையால் சைகை காட்டினாள். சிவகரன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. ஒத்திகையில் வைத்திருந்த மௌனம் வேறு. இது அது இல்லை.

"மிஸ், எனக்கொரு அக்கா இருந்தவா. சுரேகா எண்டு பேர்," என்றான். "ஒரே வீடு, ஒரே சண்டை. கறன்ற் இல்லை. நான் சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டு உழக்குவன், டைனமோ லைற்றிலை அவா படிப்பா. நான் நித்திரை தூங்கினால் லைற் மங்கும், உடனை கொம்பாசால குத்துவா. ஏ.எல். சோதினையிலை அவாக்கு மூண்டு ஏ. பெறுபேறு வரேக்கை பாக்கிறதுக்கு அவா இருக்கேல்லை."

அகப்பை அந்தரத்தில் நின்றது.

"நான் கம்பசுக்குப் போகேக்கை எல்லாம் முடிஞ்சுபோச்சு. கறன்ற் இருந்தது, ஃபான் இருந்தது, லைப்ரரி இருந்தது. நான் பின்னேரம் வொலிபோல் விளையாடிப்போட்டுப் படுத்தனான். எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல், மிஸ். சண்டையைச் சொன்னால் அது அவாவின்ரை காரணத்தை நான் எடுத்த மாதிரிப் போயிடும்."

விரிவுரையாளர் தாள் புரட்டுவதை நிறுத்தினார். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"அப்ப இனி மட்டும் எப்பிடிப் படிப்பீங்கள்?"

"பிழைச்ச பாடத்தைப் போன வருசம் முதல் பக்கத்திலையிருந்து துவங்கினனான், மிஸ். விடியப்புறம் எழும்பிச் செய்யிறன். எட்டு அத்தியாயம் முடிஞ்சுது. ஒன்பதாவது விளங்கேல்லை."

"ஒன்பதாவது ஒருத்தருக்கும் விளங்கிறேல்லை," என்றது கறுப்புப் பெட்டி, முதன்முதலாக.

முடிவை மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு மூன்று பெட்டிகளும் மறைந்தன. திரையில் சிவகரன் மட்டும் மிஞ்சினான், பின்னால் நீலச் சேலையோடு, நாடக மேடையில் தனித்துவிடப்பட்டவன்போல.

"அண்ணை சொல்லித் தந்தது என்ன, நீங்கள் சொன்னது என்ன," என்றபடி தனுஷா வந்தாள். "பஞ்சி எண்டு ஆரும் நேர்முகத்திலை சொல்லுவினமே? எடுக்காட்டி?"

"அடுத்த வருசமும் போடுவன்."

"அப்பவும் பஞ்சி எண்டே சொல்லப் போறியள்?"

"அதுக்கிடையிலை ஒன்பதாவது விளங்கினால் வேறை ஏதும் சொல்லலாம்."

அவள் சிரிக்கவில்லை. சேலையை அவிழ்க்கப் போன கை ஆணியிலேயே நின்றது.

"மச்சாளுக்கு லைற் உழக்கின கதை எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை."

சிவகரன் கதிரையை ஓரமாகத் தள்ளினான். அலுமாரிக்கு மேலிருந்து புத்தகத்தை எடுத்து, மூட்டையில் சாய்ந்து, ஒன்பதாவது அத்தியாயத்தைத் திரும்பவும் முதல் வரியிலிருந்து தொடங்கினான். முதல் வரி போன முறையைவிடக் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டது. இரண்டாவது வரி பழையபடி முறைத்தது. பென்சிலைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் வீடு அமைதியாக இருப்பது உறைத்தது. தனுஷாவின் நாடகம் ஓடுகிற சனிக்கிழமை முற்பகலில் அப்படி இருக்க ஞாயமில்லை. நிமிர்ந்து பார்த்தான். தனுஷா தொலைக்காட்சிக்குக் கிட்டவாக நிலத்தில் குந்தியிருந்தாள். நாடகத்தில் ஒரு மாமியார் தலையில் அடித்து, வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் கதறிக்கொண்டிருந்தாள். என்ன சொல்லி அழுகிறாள் என்று அவளுடைய உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள் தனுஷா.