நாலாம் நம்பர் குழாய்

கனிஷாய் என் வண்டியின் கதவை அறைந்து சாத்தினாள். அந்தச் சத்தத்தில் அணை மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் மிரண்டு விலகின. பன்னிரண்டு குழாய்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் நின்றன. மற்ற ஏழும் இருந்த இடங்களில் உருகிய பனி நிறைந்த குழிகள்.

"எசென் அண்ணே, யாரு பண்ண வேலை இது?"

எனக்குத் தெரியும். என் அண்ணி பாத்மாவின் வேலை. பிப்ரவரியில் சங்கிலி கட்டி அவற்றைப் பிடுங்கிய டிராக்டரை ஓட்டியவனே நான்தான். அந்த ஏப்ரல் காலையில் மலை அடிவாரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கிய கனிஷாயை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் மேலே வந்தோம். வழி நெடுக அவள் குளிர்காலத்தைப் பற்றியும் எழுதி முடித்த ஆய்வேட்டு அத்தியாயங்களைப் பற்றியும் பேசினாள். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

"ஆட்டுப் பட்டிக்கு வேணும்னாங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கனிஷாய்க்கு அப்போது முப்பத்தொரு வயது. தலைநகர் பிஷ்கெக்கில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். எங்கள் ஊருக்கு மேலே பள்ளத்தாக்கை மறித்து நிற்கும் மண் அணைதான் அவள் ஆய்வு. சோவியத் காலத்தில் சுரங்கத்தில் அரைத்துக் கொட்டிய சாம்பல் நிறக் கழிவு முழுவதும் அதற்குப் பின்னால் கிடக்கிறது. சுரங்கத்தை மூடி முப்பது வருஷமாகிறது, கழிவு அங்கேயே இருக்கிறது. அணையின் வயிற்றுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்க மூன்று வருஷம் முன்பு துளை போட்டு இரும்புக் குழாய்களை இறக்கினாள். பனி வழியை மூடும் மாதங்கள் போக, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவாள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு நாடாவை விடுவாள். தண்ணீரைத் தொட்டதும் அது கீச்சென்று கத்தும். அவள் ஒரு எண்ணை எழுதிக்கொள்வாள். எழுதிவிட்டு எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போவாள்.

அன்று டீக்கு வரவில்லை. நேராகப் பட்டிக்குப் போனாள். குட்டி போடும் காலம். அண்ணி முழங்கை வரை ரத்தமாக ஒரு ஆட்டின் பின்னால் குந்தியிருந்தாள். அவளைச் சுற்றி வேலிக் கம்பங்களாக நின்றன கனிஷாயின் ஏழு குழாய்களும். மஞ்சள் பெயின்ட் எண்கள்கூட அழியவில்லை.

"இது திருட்டு வேலை, அக்கா!"

"வந்துட்டியா?" அண்ணி எழுந்திருக்கவே இல்லை. "கத்தாத. தலைச்சன் ஈத்து, மிரளுது."

"மூணு வருஷ உழைப்பு அக்கா அது! நீங்க பாட்டுக்குப் பிடுங்கிட்டு வந்து ஆடு கட்டுறீங்க!"

"ஓநா வந்து பதினோரு குட்டியத் தூக்கிட்டுப் போச்சு. மரவேலி பனியில ஒடஞ்சிருச்சு. அங்க பாத்தா நல்ல இரும்பு, சும்மா நின்னுச்சு."

"சும்மாவா? சும்மாவா நின்னுச்சு?"

"பின்ன?" அண்ணி இப்போதுதான் எழுந்தாள். கையை வைக்கோலில் துடைத்துக்கொண்டாள். "உனக்கு முன்னாடி நாலு கூட்டம் வந்துச்சு. எங்க கிணத்துத் தண்ணிய எடுத்துட்டுப் போனாங்க. மண்ணு எடுத்தாங்க. ஒருத்தன் எங்க தலைமுடியக்கூட வெட்டி எடுத்துட்டுப் போனான். திரும்பி வந்து 'இதுல இன்னது இருக்கு'ன்னு ஒரு வார்த்த சொன்னவன் எவன்? நீ மட்டும் சொன்னியா?"

"நான் கட்டுரை எழுதியிருக்கேன்."

"எந்தப் பாஷையில?"

கனிஷாயின் கோபம் வேறு பக்கம் திரும்பியது. ஒரு குழாயைப் பிடித்து ஆட்டினாள். "இது எந்த நம்பர்னாவது தெரியுமா? நாலு! இதுல அளக்கத்தான் பனி உருகுறதுக்குள்ள ஓடி வந்தேன். இதுலதான் தண்ணி ஏறிக்கிட்டே வந்துது!"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏறுச்சுன்னா?" அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. "ஏறுனா என்ன ஆகும்?"

"... ரொம்ப ஏறுனா அணையோட மண்ணு இளகிப் போகும்."

"இளகுனா?"

"சரியும்."

"எப்பலேருந்து ஏறுது?"

"போன ஏப்ரல்லேருந்து. மொதல்ல பதினோரு மீட்டர் ஆழத்துல இருந்துச்சு. கடைசியா நான் பாக்கறப்ப ஆறு. நாலுக்கு வந்தா..."

அண்ணி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"ஒரு வருஷமா என் வீட்ல உக்காந்து டீ குடிச்சிருக்க. என் கையால பொரிச்ச போர்சோக் ரொட்டியத் தின்னுருக்க. மேல தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சே தின்னுருக்க. இப்ப வந்து என்னையத் திருடிங்கற."

அடித்திருந்தால்கூடக் கனிஷாய் அப்படி நிலைகுலைந்திருக்க மாட்டாள். அங்கேயே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள். அவளுடைய கைடு பேராசிரியர் சோவெத்பெக் மமீத்தோவிச். எண்களை முதலில் அவரிடம்தான் காட்டினாள். 'ஒரு குழாயை வைத்து ஊரைக் கலவரப்படுத்தாதே, வைவா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்றாராம். ஐந்து வருஷம் முன்பு, அரசுக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டுக்காரர்களிடம் இந்த அணை உறுதியாக இருக்கிறது என்று ஓர் அறிக்கை போயிருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் இருப்பது அவர் கையெழுத்து.

"அப்ப பயந்துட்ட" என்றாள் அண்ணி.

"ஆமாக்கா. பட்டம் போயிரும்னு பயந்தேன்."

எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது, என் மேல் அதைவிட அதிகமாக. என் பிள்ளைகள் இரண்டும் அந்தச் சரிவுக்கு நேர் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்தில்தான் படிக்கின்றன. "யாரு யாரத் திட்டுறதுன்னு அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப என்ன பண்ணணும்? அதச் சொல்லு" என்று கத்தினேன்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அணைக்கு மேலே, மலையிலிருந்து வரும் உருகுநீரைச் சுற்றித் திருப்பி ஆற்றில் விடுவதற்கு ஒரு பழைய கால்வாய் உண்டு. இரண்டு வருஷம் முன்பு ஏற்பட்ட மண்சரிவில் அது அடைபட்டுவிட்டது. தண்ணீர் முழுவதும் கழிவுக்குள் இறங்கி அணையை ஊற வைத்துக்கொண்டிருந்தது. கால்வாயைத் திறந்துவிட்டால் போதும். அதை அவள் ஐந்தாம் அத்தியாயத்தில் 'பரிந்துரைகள்' என்ற தலைப்பில் எழுதி வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் நாற்பத்திமூன்று பேர் மண்வெட்டியோடு ஏறினோம். பக்கத்து ஊரிலிருந்து ஒரு மண்வாரி எந்திரத்தையும் இழுத்து வந்தோம். ஒன்பது நாள் வெட்டினோம். கனிஷாயும் வெட்டினாள்; உள்ளங்கை கிழிந்து துணி சுற்றிக்கொண்டு வெட்டினாள். அண்ணி அவளோடு பேசவில்லை, ஆனால் மதியம் அவளுக்கும் சேர்த்து ரொட்டி கொண்டுவந்தாள். ஒன்பதாம் நாள் தண்ணீர் பழைய வழியில் திரும்பிப் பாய்ந்தபோது ஊரே கூச்சலிட்டது.

வெட்டத் தொடங்கிய இரண்டாம் நாளே கனிஷாய் மாவட்டப் பேரிடர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கடிதம் அனுப்பிவிட்டாள். நாலாம் குழாயின் எல்லா அளவுகளும், கீழே அவள் கையெழுத்தும். அன்று சாயங்காலம் என் வண்டியில் இருக்கும்போது பேராசிரியரின் போன் வந்தது. கைக்காயத்தால் போனைப் பிடிக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரக் கேட்டு எழுதுன?"

"யாரையும் கேக்கல, ஐயா. கேட்டிருந்தா இன்னும் ஒரு வருஷம் ஆயிருக்கும்."

"உன் வைவா செப்டம்பர்ல. ஞாபகம் இருக்கா?"

"கீழ இருநூறு வீடு இருக்கு. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவர் வைத்துவிட்டார். "அவர எதுத்து நான் பேசினதே இல்லண்ணே" என்றாள்.

மே கடைசியில் ஒரு குழு வந்தது. மூன்று அதிகாரிகள், அவர்களோடு சோவெத்பெக் மமீத்தோவிச். வெள்ளை முடி, மினுங்கும் காலணி. மிஞ்சியிருந்த ஐந்து குழாய்களிலும் நாடாவை விட்டார்கள். நாலாம் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த ஐந்தாம் குழாயில் தண்ணீர் ஒன்பது மீட்டர் ஆழத்தில் இருந்தது.

பேராசிரியர் எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? அணை நல்லாத்தான் இருக்கு. இந்தப் பொண்ணு வீணா உங்களைப் பயமுறுத்திருச்சு."

"எறங்கினது இவங்க கால்வாய வெட்டினதால!" கனிஷாய் முன்னால் வந்தாள். "இந்த ஏப்ரல்ல, வெட்டுறதுக்கு முன்னாடி, இதே குழாயில ஆறரை இருந்துச்சு. நாலாம் குழாயில போன வருஷமே ஆறு!"

"நாலாம் குழாயா? எங்க இருக்கு? காட்டு, அளந்து பாப்போம்."

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"என் பட்டியில இருக்கு. நான்தான் பிடுங்கினேன். எழுதிக்கங்க."

"டிராக்டர் ஓட்டுனது நானு" என்றேன்.

"அப்ப சரிபார்க்கவே வழியில்ல" என்றார் பேராசிரியர். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதிதான் என்னால் தாங்க முடியாதது. நாங்கள் ரத்தம் சிந்தி இறக்கிய தண்ணீரையே, அது ஏறவே இல்லை என்பதற்குச் சாட்சியாக வைத்துவிட்டார்.

"சரிபார்க்க வழியில்லையா?" அண்ணி அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். "இந்தப் புள்ள போன வருஷமே உங்ககிட்ட காட்டுச்சே, அப்ப சரிபாத்திருக்கலாம்ல? அப்ப குழாய் நின்னுக்கிட்டுத்தான இருந்துச்சு? நான் திருடி, சரி. நீங்க யாரு?"

அவர் வண்டியில் ஏறிக்கொண்டார். குழுவின் அறிக்கையில் 'உள்ளூர் மக்களால் கருவிகளுக்குச் சேதம்' என்று ஒரு வரி இருந்தது. அண்ணிக்கும் எனக்கும் அபராதம் வந்தது. கனிஷாய் மேல் ஒழுங்கு நடவடிக்கை. செப்டம்பர் வைவா ரத்து. இனி அவள் ஆய்வை வழிநடத்த முடியாது என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டார். இலையுதிர் காலத்தில் அவருடைய கட்டுரை ஒன்று வெளியானது. அவளுடைய மூன்று வருஷ எண்கள், நாலாம் குழாய் மட்டும் இல்லாமல். அவள் பெயரும் இல்லாமல்.

அதை அச்செடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். படித்துக் காட்டினாள். பாதியில் தாள்களை அடுப்பில் போடப் போனவளின் கையை அண்ணி பிடித்துக்கொண்டாள்.

"எரிக்காத. எரிச்சா அவனுக்குத்தான் நல்லது. எதுத்து எழுது."

எழுதினாள். பத்திரிகைக்கு, பல்கலைக்கழகத்துக்கு, அமைச்சகத்துக்கு. இரண்டு இடத்திலிருந்து 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது, மூன்றாவது இடத்திலிருந்து அதுவும் வரவில்லை. ஓஷ் நகரத்தில் ஒரு புதிய கைடு அவளை ஏற்றுக்கொண்டார். ஆனால் பழைய எண்கள் தகராறில் இருப்பதால் இரண்டு வருஷம் புதிதாக அளக்க வேண்டும் என்றார்கள். பிடுங்கிய குழாய்களைத் திருப்பித் தருவதாக அண்ணி சொன்னபோது, "வளஞ்ச குழாய் எனக்கு எதுக்குக்கா? ஆட்டுக்கே இருக்கட்டும்" என்றாள் கனிஷாய். இந்த முறை இறக்கியது பிளாஸ்டிக் குழாய்.

"இத மொதல்லயே போட்டிருந்தா நான் ஏன் தொடப் போறேன்?" என்றாள் அண்ணி. "படிச்ச பொண்ணாம்!"

அண்ணி ஒரு நிபந்தனையும் போட்டாள். எண் நோட்டில் ஏறுவதற்கு முன்னால் கடைச் சுவரில் ஏற வேண்டும், கிர்கிஸ் மொழியில், எந்த எண் வந்தால் ஓட வேண்டும் என்பதோடு சேர்த்து. இப்போது ரொட்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் படிக்கிறார்கள். இந்த வசந்தத்தில் எட்டரை மீட்டர் ஆழம், ஓட வேண்டிய நாலுக்கு இன்னும் தூரம்.

அவளுக்கு முப்பத்துமூன்று வயதாகிறது, பட்டம் இன்னும் வரவில்லை. சோவெத்பெக் மமீத்தோவிச்சுக்குப் போன மாதம் ஏதோ பதக்கம் கொடுத்தார்கள். டிவியில் காட்டினார்கள். கனிஷாய் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் வாய் திறந்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அண்ணி அதைத் திருத்தி, அதைவிட மோசமான ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாள்.