இரண்டு கிளவுஸ்

ஜெபிஷாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் கொடுக்க வந்து உட்காருகிற ஆள் நம்மூர்க்காரர் என்றால் கைக்கு ஒரு கிளவுஸ். பிலிப்பினோ என்றாலும் ஒன்றுதான். ஆப்பிரிக்கப் பெண்பிள்ளை யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் மட்டும் இரண்டு கிளவுஸ், ஒன்றின்மேல் ஒன்றாக. அந்த ஊர்களில் வயசுப்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு எய்ட்ஸ் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். சொன்னது யார், எந்த ஊரில் பாதிப்பேர் என்றெல்லாம் அவள் திருப்பிக் கேட்கவில்லை. பயப்படுகிறவர்கள் விவரமா கேட்பார்கள்? கேட்டால் பயம் குறைந்துவிடாதா!

வளைகுடாவில், ஃபர்வானியா என்கிற ஊரில், புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு விசா மெடிக்கல் எடுக்கும் கிளினிக் அது. ஃபிட் என்று வந்தால் இந்த நாட்டில் இருக்கலாம். அன்ஃபிட் என்றால் அடுத்த விமானம். அந்த விதி நர்சுகளுக்கும் சேர்த்துத்தான். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரியான ஜெபிஷா நாலு வருசமாக அங்கே டூட்டி பார்க்கிறாள். 2006 ஏப்ரலில் அவளுக்கு வயிற்றில் நாலு மாசம். கல்யாணமாகி ஆறு வருசம் நேர்ச்சைக்கு மேல் நேர்ச்சை வைத்துத் தங்கிய பிள்ளை. கணவன் ஆல்டோ இப்போதே பெயர் தேடிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குக் காலையில் நாற்பத்தொன்றாம் டோக்கனாக வந்து உட்கார்ந்தவள் மெசரெத். எத்தியோப்பியாக்காரி, வீட்டுவேலைக்கு வந்தவள், இருபத்திரண்டு வயசு. கையை நீட்டி, “சிஸ்டர், பெயின்?” என்று கேட்டாள். ஜெபிஷா இரண்டாவது கிளவுசை இழுத்து மாட்டினாள்.

ரத்தம் ஒழுங்காகத்தான் வந்தது. எடுத்த ஊசியை அப்படியே ஊசி டப்பாவில் போடவேண்டும், மூடியைத் திரும்ப மாட்டக்கூடாது. படிக்கும்போது முதல் பாடமே அதுதான். ஆனால் டப்பா மூன்று எட்டு தள்ளி இருந்தது, வெளியே வரிசை வாசல்வரை நின்றது. எல்லாரும் செய்கிறதைத்தான் இவளும் செய்தாள். மூடியை இடது கையில் பிடித்து ஊசியை உள்ளே நுழைத்தாள். இரண்டு கிளவுசுக்குள் விரல் மொத்தையாகி, மூடி வழுக்கியது. ஊசி இரண்டையும் துளைத்துக்கொண்டு சுட்டுவிரலில் ஏறிவிட்டது.

பயந்து மாட்டியதே ஆளைக் கவிழ்த்துவிட்டது பாருங்கள்.

கிளவுசைப் பிய்த்தெறிந்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். விரல் நுனியில் குண்டுமணி அளவுக்கு ரத்தம். சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். பின்னால் மெசரெத் எழுந்து நின்று, “சாரி சிஸ்டர், சாரி” என்றாள். அவள் என்ன தப்பு செய்தாள், பாவம்! ஜெபிஷா திரும்பாமலே, “யல்லா, போ வெளியே!” என்று கத்தினாள்.

லேபில் இருந்த உமாபதி தஞ்சாவூர்க்காரர், நிதானமான ஆள். நாற்பத்தொன்றை முதலில் பார்க்கச் சொல்லி அவள் கெஞ்சியதும் வேறொன்றும் கேட்காமல் டியூபை வாங்கிக்கொண்டார். “ரெண்டு மணி நேரமாவது ஆவும் சிஸ்டர். போய் ஒக்காருங்க” என்றார்.

அந்த இரண்டு மணி நேரத்தை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது. நர்சுகள் அறையில் விரலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்தாலும் வரட்டும், பிள்ளைக்கு வரக்கூடாது என்று மாதாவிடம் பேரம் பேசினாள். அடுத்த நிமிசமே, எனக்கு வந்தால் பிள்ளைக்கு வராதா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அவளைவிடப் பத்து வயசு மூத்த நர்ஸ் சுகிர்தராணி, ஊரிலும் பக்கத்துக் கடற்கரைதான், இடையிடையே வந்து முதுகைத் தடவினாள். “பேடிக்காத மக்ளே, ஒண்ணும் வராது” என்றாள். அவள் குரலிலும் பயம் இருந்தது.

பதினோரு மணிக்கு உமாபதி வந்தார். “எச்.ஐ.வி. இல்ல சிஸ்டர்.”

ஜெபிஷா சுகிர்தராணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். “எனக்க மாதாவே, எனக்க பிள்ளையக் காப்பாத்திட்டியே” என்றாள். அழுது ஓய்ந்து பார்த்தால், உமாபதி இன்னும் அங்கேயே நின்றார்.

“ஆனா ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ். அதான், மஞ்சக்காமாலையில ஒரு வகை” என்றார். “நம்ம ரிஜிஸ்டர்ல நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஆப்பிரிக்காவுலேருந்து வர்ற சின்ன வயசுப் புள்ளைங்கள்ல நூத்துக்கு ரெண்டு பேருக்கு எச்.ஐ.வி. வருது. இது எட்டு பேருக்கு வருது. ரெண்டுக்குப் பயந்துக்கிட்டு எட்ட மறந்துடுறீங்க. நம்ம ஆளுங்கள்லயும் மூணு பேரு தேறுது, அதுக்கெல்லாம் ஒத்தக் கிளவுஸ்தான போடுறீங்க?” பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “ஒங்களுக்கு என்ன கவல? மூணு டோஸ் தடுப்பூசியும் போட்டதா ஃபைல்லயே இருக்கே.”

ஜெபிஷா குத்துப்பட்ட விரலை மறுபடியும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஃபைலில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் போட்டது ஒரே ஒரு டோஸ். மூன்று டோசுக்கும் ஆறு மாசம் ஆகும், விசாவோ ஆறு வாரத்தில் வந்துவிட்டது. நாகர்கோவில் ஏஜென்ட் எங்கேயோ போய் மூன்றும் முடிந்ததாக சீல் வைத்த சர்டிபிகேட் வாங்கிவந்தான். “மீதிய அங்க போயி போட்டுக்கிடலாம் சிஸ்டர்” என்றான். இங்கே வந்து கேட்டால் முதல் பொய் வெளியாகும். கேட்காமலே நாலு வருசம் ஓடிவிட்டது.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? தாய்க்கு இருந்தால் பிரசவத்திலேயே பிள்ளைக்குப் போகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் அவள். ஊசி குத்தி ஒருநாளுக்குள் மாற்று மருந்து போட்டுக்கொள்ளவேண்டும் என்பதும் தெரியும். மூன்று டோஸ் போட்டவளுக்கு அந்த மருந்தை யார் கொடுப்பார்கள்?

எழுந்து டாக்டர் அறையை நோக்கி நடந்தாள். வராந்தா பெஞ்சில் மெசரெத் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாட்ச்மேன். மற்றவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு இவளை மட்டும் உட்காரவைத்திருக்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஜெபிஷாவைக் கண்டதும் எழுந்தாள். “சிஸ்டர், ஃபிங்கர் ஓகே?” என்று கேட்டாள். பிறகு மெதுவாக, “மீ... ஃபிட்?” என்றாள்.

இவளுக்கும் எங்கேயோ ஒரு தாயிடமிருந்து பிறக்கும்போதே வந்திருக்கும், இன்றுவரை தெரிந்திருக்காது. எனக்க பிள்ளையும் இருபத்திரண்டு வயசில் இப்படி ஒரு பெஞ்சில் உட்காரவேண்டுமா? அவள் மெசரெத்தின் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள், வெறும் கையால். பிறகு கதவைத் திறந்து உள்ளே போனாள்.

டாக்டர் ஜுபைதா காயல்பட்டினத்துக்காரர். ஃபைலிலிருந்து நிமிர்ந்தார்.

“மேடம், ஊசி குத்திட்டு. ஃபைல்ல இருக்கது பொய். நான் ஒரு டோஸ்தான் போட்டேன்.” அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “வேலைக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாதும்மா, ஆபீஸுக்கு எழுதித்தான் ஆகணும்” என்றார். “மருந்துக்கு நான் பொறுப்பு. சாயங்காலத்துக்குள்ள வரவழைச்சுப் போட்டுடலாம், வயித்துல இருக்குற பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது. முதல்ல உன் ரத்தத்தைப் பார்க்கணும். வரும்போது ஃபிட்தான், அதுக்கப்புறம் இந்த நாலு வருசத்துல உனக்கு வந்திருக்கா இல்லையான்னு நமக்குத் தெரியாதே?”

அதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. நூத்துக்கு மூணு என்று உமாபதி சொன்னது அப்போதுதான் உறைத்தது.

காலையில் மெசரெத் உட்கார்ந்த அதே நாற்காலியில் ஜெபிஷா உட்கார்ந்து கையை நீட்டினாள். சுகிர்தராணி கிளவுஸ் மாட்டினாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு, ஜெபிஷாவின் முகத்தைப் பார்க்காமல், பெட்டியிலிருந்து இன்னொரு ஜோடியை எடுத்து அதன்மேல் மாட்டினாள்.

ஜெபிஷா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? ரத்தம் வந்து முடிந்தது. சுகிர்தராணி பழக்கத்தில் இடது கையால் ஊசி மூடியை எடுத்தாள்.

“மூடாண்டாம் அக்கா” என்றாள் ஜெபிஷா. “அப்பிடியே டப்பால போடுங்க.”