முதலியாரின் வெள்ளிக் கிண்ணங்கள்

சச்சிதானந்தன் பெரிய மனசுக்காரர். மகள் வர்ஷாவுக்குப் பேசி வந்த டண்டினொங் ஊர் மாப்பிள்ளையின் தாய் மோனிகா வேதக்காரி, அதாவது கிறிஸ்தவர், என்று தெரிந்ததும், "நாங்கள் உதெல்லாம் பாக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டார். ஒருதரம் சொல்லியிருந்தால் போதும். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் சொன்னார். ஸ்ட்ராத்ஃபீல்ட் கடைத்தெருவில் கண்டவர்களிடமும் சொன்னார். அவர் எதைப் பார்ப்பதில்லை என்பது சிட்னி முழுக்கத் தெரிந்துபோயிற்று.

ஆனாலும் நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கும்போது, இது பரம்பரைச் சைவப் பெருங்குடி என்பது வாசலிலேயே தெரிந்துவிட வேண்டும். முப்பது வருடம் ரயில்வே அலுவலகத்தில் நேர அட்டவணை போட்ட மனிதரை யார் பெரிதாக நினைக்கப்போகிறார்கள்? அந்தப் பயம்தான் அவரை இணைய ஏலத்தில் கொண்டுபோய் விட்டது. பழைய ஸ்பானிய வெள்ளி, ஒரே தட்டில் மூன்று மூடிக் கிண்ணங்கள் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்ததை அவர் வாசிக்கவில்லை. மூன்று கிண்ணம் என்றால் திருநீறு, சந்தனம், குங்குமம். இதில் வாசிக்க என்ன இருக்கிறது?

பொதி வந்தபோது, படத்தில் பூவேலை போலத் தெரிந்தது ஒரு சின்னச் சிலுவை. வெள்ளைக்காரன் எதிலும் சிலுவை வைப்பான் என்று அதைத் திருகிக் கழற்றினார். மூடிக்குள் பொருத்தியிருந்த மெல்லிய வெள்ளிக் குச்சி பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல் இருக்க, மனம் நிறைந்துபோனது. கிண்ணங்களில் வெட்டியிருந்த எழுத்துகளை ஒரு போர்த்துக்கீசத் தளபதியின் பெயரெழுத்துகள் ஆக்கினார். அந்தத் தளபதி, முதலியார் பட்டம் பெற்ற தம் பூட்டனாருக்குக் கொடுத்த பரிசு இது. தளபதிக்கும் பூட்டனாருக்கும் நடுவே இருநூறு வருடம் இடித்தது நேர அட்டவணைக்காரரின் கண்ணில் படவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று வாசலில் கதை அமோகமாக எடுபட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் மகேந்திரராஜா கிண்ணங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். மோனிகா குச்சியைக் கையில் எடுத்தார், எழுத்துகளைப் பார்த்தார், கொஞ்சம் தாமதித்தார். பிறகு சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் சச்சிதானந்தன் வடைத் தட்டு எடுக்கக் குசினிக்குள் போக, மோனிகா பின்னாலேயே வந்தார்.

"அண்ணை, உது எங்கட கோயில் சாமான். மூண்டும் எண்ணெய் வைக்கிறது, எழுத்துகள் அந்தந்த எண்ணெயின்ர பேர். ஞானஸ்நானத்துக்கு ஒண்டு, உறுதிபூசுதலுக்கு ஒண்டு, சாகக் கிடக்கிற ஆக்களுக்கு ஒண்டு."

"முதலியார்..." என்று தொடங்கினார் சச்சிதானந்தன். முதலியார் அதற்குமேல் வரவில்லை.

"பயப்பிடாதேங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை." மோனிகா குரலைத் தாழ்த்தினார். "தொண்ணூற்றைஞ்சில சண்டைக்கு இடம்பெயர்ந்தபோது, நாங்கள் தங்கியிருந்த சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்திலதான் எங்கட அப்பா காலமானவர். ஃபாதர் எண்ணெய் கொண்டுவந்தது இருமல் மருந்துப் போத்தலில. வெள்ளிக்கு எங்க போறது? அப்பா நெத்தியைக் காட்டிப்போட்டு நிம்மதியாக் கண்ணை மூடினவர்."

சொல்லிவிட்டு வடைத் தட்டைத் தாமே தூக்கிக்கொண்டு போய்விட்டார். கோபித்திருந்தால் சச்சிதானந்தன் சமாளித்திருப்பார். பெரிய மனசைக் காட்ட அவரிடம் வசனம் இருந்தது. பெரிய மனசு எதிரே வந்து நின்றால் சொல்ல ஒன்றும் இல்லை.

கூடத்துக்கு வந்தால், லிட்கமிலிருந்து பிந்தி வந்த உறவினர் கூட்டத்துக்கு நடுவே மகேந்திரராஜா கிண்ணங்களை ஏந்திக்கொண்டு நிற்கிறார். அந்தத் தளபதியின் கதையை இவர்களுக்கும் ஒருதரம் சொல்லும்படி கேட்டார். மோனிகா தலை நிமிராமல் வடை பரிமாறிக்கொண்டிருந்தார். ஐம்பது முகங்கள் பார்த்திருந்தன. உண்மையைச் சொன்னால் மரியாதை போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, அந்த ஒரு மனுசியைத் தவிர.

சச்சிதானந்தன் தொண்டையைச் செருமினார்.

"இது போன மாசம் ஏலத்தில எடுத்தனான். வேதக்காரர் ஆசீர்வாத எண்ணெய் வைக்கிற பாத்திரம். அது தெரியாமல் குங்குமத்தைப் போட்டிட்டன். என்ர பூட்டன் முதலியாருமில்லை, ஒண்டுமில்லை. கச்சேரி ஒப்பீசில வெள்ளைக்காரத் துரைக்குக் காத்து வர பங்கா இழுத்தவர்."

வடை கடித்த வாய்கள் அப்படியே நின்றன. வர்ஷா கண்ணை மூடிக்கொண்டாள். மகேந்திரராஜா கிண்ணங்களை ஒருமுறையும் சச்சிதானந்தனை ஒருமுறையும் பார்த்தார்.

"கச்சேரியிலயோ? அப்ப கோறணமேந்து உத்தியோகம்தானே, அரசாங்கச் சம்பளமெல்லோ."

முதலில் சிரித்தது மோனிகாதான். பிறகு கூடமே சிரித்தது.

சச்சிதானந்தன் கிண்ணத் தட்டை வாங்கி மோனிகாவிடம் நீட்டினார். இதை எப்படிக் கழுவுவது, யாரிடம் ஒப்படைப்பது என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவசரமில்லை அண்ணை," என்றார் மோனிகா. "பிந்தி வந்தவை இன்னும் பொட்டு வைக்கேல்லை."