ரத்ரி தேர்ந்தெடுத்த சைலன்சர்

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் பல் மருத்துவராக இருக்கும் ரத்ரி, ஆறு மாதம் யோசித்த பிறகு, தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக்குக்குப் புது சைலன்சர் மாட்டக் கிளம்பினாள். கணவன் யாயானும் தொற்றிக்கொண்டான்.

"சத்தமெல்லாம் வேணாம்டி. எனக்கு மெத்துன்னு ஒரு சீட்டு வாங்கிப் போட்டாப் போதும்" என்று வழியெல்லாம் புலம்பினான்.

கடைக்காரர் ஹெந்த்ரா ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார்.

"கொசு முனகுற மாதிரி இருக்கு, அண்ணே" என்று முதலாவதைக் கழற்றச் சொன்னாள் ரத்ரி. இரண்டாவதைக் கேட்டதும், "இது எங்க மாமனார் ஏப்பம்" என்றாள்.

"எங்க அப்பாவ ஏன்டி இழுக்கிற?" என்று யாயான் கேட்க, ஹெந்த்ரா ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

மூன்றாவதைப் பொருத்தியதும் ரத்ரி ஆக்சிலரேட்டரை முறுக்கினாள். பைக்கின் அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. எதிரே நின்ற கார் அலாரம் போட்டு அலறியது. அடுத்த காரும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் பக்ஸோ என்னும் இறைச்சி உருண்டை சூப் விற்பவர், ரத்ரியிடம் பல் காட்டுகிறவர்தான், கரண்டியோடு ஓடிவந்தார். திட்டு விழப்போகிறது என்று ரத்ரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"டாக்டரம்மா, இன்னொரு தடவ முறுக்குங்க, போன்ல பதிவு பண்ணிக்கிறேன்!" என்றார் சூப்காரர்.

ரத்ரிக்குக் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு.

"ஊருக்குள்ள ஓட்டும்போது இந்த அடைப்பானச் செருகிக்குங்க, சத்தம் பாதியாயிடும்" என்று ஹெந்த்ரா ஒரு சின்னக் குழாயை நீட்டினார்.

அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட யாயான், மனைவியின் தோளைப் பிடித்து நகர்த்தினான்.

"அப்புறம் செருகலாம். தள்ளு, நானும் ஒரு தடவ முறுக்கிக்கிறேன்."